பீரோவில் 23 சட்டை, போடுறது நாலு

ஆடி மாசம் எங்க தென்காசிப் பக்கம் வந்து பார்த்தவங்களுக்குத் தெரியும். குற்றாலம் பேரருவியில் தண்ணி விழுதோ இல்லையோ, சாரல் மட்டும் நாள் பூரா வீட்டுக்குள்ளேயே வந்துட்டுப் போகும். செங்கோட்டைக் கணவாய் வழியா காத்து வரும், காத்தோட தூத்தல் வரும், அஞ்சு நிமிஷம் வெயில் அடிக்கும், திரும்பவும் தூத்தல். கொடியில் போட்ட துணி ரெண்டு நாள் ஆனாலும் நசநசன்னுதான் இருக்கும். வெளியூர்க்காரங்களுக்கு அது சீசன். துணி காயப்போடுற வீட்டுப் பொம்பளைங்களுக்கு அது வேற கதை.

போன வருஷம் அப்படி ஒரு நாள், மச்சினன் மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போக நல்ல சட்டை தேடி பீரோவைத் திறந்தேன். குப்புன்னு ஒரு புழுங்கல் வாடை. கஞ்சி போட்டு மடிச்சு வச்ச வெள்ளைச் சட்டையில் காலரைச் சுத்திக் கறுப்புப் புள்ளி. பூஞ்சணம். அதுக்கு அடுத்ததும் அப்படித்தான். வீட்டம்மா எல்லாத்தையும் அள்ளிக் கட்டிலில் போட்டு எண்ணினாங்க. 23 சட்டை. "இதுல நீங்க போடுறது நாலுதான். மத்ததை நான் வருஷம் பூரா வெயில் காட்டி, மடிச்சு, திரும்ப வைக்கேன்"னாங்க. பதில் சொல்ல முடியலை. அன்னைக்கு நிச்சயதார்த்தத்துக்குப் போனதும் அந்த நாலில் ஒண்ணுதான்.

மண்ணுக்கு என்ன போடுறோம், மாட்டுக்கு என்ன போடுறோம்னு பக்கம் பக்கமா நம்ம இதழில் எழுதுறோம். நம்ம உடம்பு மேல என்ன போடுறோம்ங்கிறதை ஒரு தடவையாவது எழுதலாம்னு தோணிச்சு. உரக்கடைக்காரர் சொன்னதை அப்படியே நம்பி மூட்டையைத் தூக்கிட்டு வந்த காலம் ஒண்ணு இருந்துச்சே, துணிக்கடை விஷயத்தில் நான் இன்னமும் அந்தக் காலத்தில்தான் இருந்திருக்கேன்.

முதல்ல, 23 எப்படி வந்துச்சு? உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். 14 சட்டை நான் வாங்கினதே இல்லை. கல்யாண வீட்டில் எடுத்துக் கொடுத்தது, புதுமனை புகுவிழாவுக்குத் தாம்பாளத்தில் வச்சுக் கொடுத்த சட்டை பிட்டு, தீபாவளிக்கு மருமகப்பிள்ளை எடுத்துட்டு வந்தது. முறை செய்யுறவங்க நம்ம அளவைப் பார்த்தா எடுக்கிறாங்க? டப்பா பளபளன்னு இருக்கான்னுதான் பார்க்கிறாங்க. மீதி ஒன்பது நான் வாங்கினது. ஒண்ணு 800 ரூபாய்னு வச்சாலும் 7,200. நெல்லு கிலோ 25 ரூபாய்னு போட்டா 288 கிலோ. கிட்டத்தட்ட மூணு குவிண்டால் நெல்லைப் பீரோவில் அடுக்கி வச்சுப் பூஞ்சணம் பிடிக்க விட்டிருக்கேன்.

எதை வைக்க, எதை விடன்னு தெரியாம எங்க தெரு டெய்லர் அண்ணாச்சிகிட்ட மூட்டையாக் கட்டி எடுத்துட்டுப் போனேன். "என்ன, ஜவுளிக்கடை வைக்கப் போறீயளோ?"ன்னு கேட்டுட்டு, அவர் செஞ்ச முதல் வேலை தீப்பெட்டியை எடுத்ததுதான். ஒவ்வொரு சட்டையிலும் உள்தையலில் இருந்து ரெண்டு இழையை உருவி, இடுக்கியில் பிடிச்சுக் கொளுத்தினார். தையல் நூலை உருவக் கூடாது, துணியோட இழையைத்தான் உருவணும். பாவிலிருந்து ஒண்ணு, ஊடையிலிருந்து ஒண்ணு. சில துணியில் ஒரு பக்கம் பருத்தி, மறுபக்கம் வேற நூல் ஓட்டியிருப்பாங்களாம்.

பருத்தி இழை காகிதம் எரியிற மாதிரி எரியும், அதே வாடைதான். மிஞ்சுற சாம்பல் விரலால் தொட்டா மாவாப் போயிடும். பாலியஸ்டர் இழை தீயைக் கண்டதும் சுருங்கி உருகும், கரும்புகை வரும், ஆறினதும் நுனியில் கறுப்பா ஒரு மணி நிக்கும். நசுக்கினா நசுங்காது. ரெண்டும் கலந்ததுன்னா எரியவும் செய்யும், சாம்பலுக்குள்ளே கடுகு கடுகா கட்டியும் கிடைக்கும். ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாறக் கூடாது. ரேயான்னு ஒண்ணு இருக்கு, மரக்கூழில் செய்யுறது. அதுவும் காகிதம் மாதிரியேதான் எரியும். அதைப் பிடிக்க இழையின் நடுவில் எச்சில் தொட்டு இழுத்துப் பார்க்கணும். நனைஞ்ச இடத்தில் பட்டுனு அறுந்தா ரேயான். பருத்தி நனைஞ்சா இன்னும் உறுதியாத்தான் ஆகும்.

கணக்கு இப்படி வந்தது: முழுப் பருத்தி ஏழு, கலப்பு பன்னிரண்டு, முழு பாலியஸ்டர் நாலு. கலப்பில் ரெண்டு, கடையில் 'சுத்தக் காட்டன்'னு அட்டை தொங்கவிட்டு எனக்கு வித்தது. ஆனா எனக்கு அதைவிட ஆச்சரியம் வேற. நான் வழக்கமாப் போடுற அந்த நாலும் முழுப் பருத்திதான். எனக்கே தெரியாமல் உடம்பு பொறுக்கி எடுத்திருக்கு! மாட்டுக்கு முன்னால ரெண்டு வகைப் புல்லைப் போட்டா அது எதில் வாய் வைக்கும்னு பார்க்கிறோம் இல்லையா, அதேதான்.

காரணம் ஒண்ணும் மந்திரம் இல்லை. சாதாரண ஈரப்பதத்தில் பருத்தி தன் எடையில் சுமார் எட்டரை சதவீதம் ஈரத்தைத் தனக்குள் வாங்கி வச்சிருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூட வாங்காது. வேர்வை உடம்பில் ஊறும்போது பருத்தி அதைக் குடிச்சு வெளியே விடும். பாலியஸ்டர் குடிக்காது, வேர்வை தோலுக்கும் துணிக்கும் நடுவில் நிக்கும். சித்திரை வெயிலில் கடையம் ரோட்டில் வண்டி ஓட்டிட்டு வந்து இறங்கினா முதுகில் சட்டை ஒட்டுதே, அது இதுதான். அக்குள் வாடை துவைச்சாலும் போகாம நிக்கிறதும் இந்தத் துணியில்தான்.

இந்த பாலியஸ்டர் மண்ணெண்ணெய்க்குப் பங்காளி. கச்சா எண்ணெயிலிருந்து வர்ற சரக்கில் செய்யுறது. 1941-இல் இங்கிலாந்தில் கண்டுபிடிச்சு டெரிலின்னு பேர் வச்சாங்க. நம்ம ஊருக்கு 1960-களில் வந்தப்போ டெரிலின் சட்டைன்னா மாப்பிள்ளைக்கு மட்டும் எடுக்கிற சட்டை. பருத்தியோடு கலந்ததும் டெரிகாட்டன்னு ஆச்சு. கலப்பில் அதிகம் புழங்குறது 100-க்கு 65, 67 பங்கு பாலியஸ்டர் போட்டது. பேரில் காட்டன் இருக்கும், துணியில் மூணில் ஒரு பங்குதான் இருக்கும். கசங்காது, இஸ்திரி வேண்டாம், சாயம் போகாது. எங்க அப்பா மாதிரி ஆட்கள் அதை விரும்பினதில் தப்பு சொல்ல மாட்டேன். யூரியா வந்தப்போவும் இப்படித்தானே இருந்துச்சு.

நியாயமா ஒண்ணைச் சொல்லணும். சாரல் காலத்தில் பாலியஸ்டர் சீக்கிரம் காயும், பூஞ்சணமும் அதில் லேசில் பிடிக்காது. என் பீரோவில் பூத்தது பூரா பருத்திச் சட்டைதான். "அப்ப எங்களுக்கு அதுதானே நல்லது"ன்னு குற்றாலத்துக்காரர் ஒருத்தர் என்னிடமே கேட்டார். டெய்லர் அண்ணாச்சியிடம் கேட்டேன். குத்தம் பருத்தியில் இல்லை, நான் வச்ச விதத்தில்தான்னார். பூஞ்சணத்துக்குத் தீனி கஞ்சி. கஞ்சி போட்ட துணியை, முழுசாக் காயாமல், பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, 23 சட்டைக்கு நடுவில் நெருக்கி, சுவரை ஒட்டின பீரோவில் வச்சா பூக்காமல் என்ன செய்யும்? இப்ப வைகாசிக்கு அப்புறம் ஐப்பசி வரைக்கும் எங்க வீட்டில் கஞ்சி கிடையாது. பீரோ சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி நிக்குது. சட்டைகள் மடிக்காமல் தொங்குது, ஒண்ணுக்கொண்ணு ஒட்டாமல். ஆறு சட்டை இருக்கிற பீரோவில் காத்து தானா ஓடும். நொச்சி இலை காயவச்சு ஒரு துணிப்பையில் போட்டிருக்கோம், அது பூச்சிக்கு.

காயுறதுக்கு வருவோம். இங்கேதான் நூல் நம்பர் தெரியணும். நெசவாளிகள் 40-ஆம் நம்பர், 60-ஆம் நம்பர்னு சொல்லுறது வேற ஒண்ணும் இல்லை. ஒரு பவுண்டு பஞ்சில், அதாவது சுமார் 454 கிராமில், 840 கஜ நீளம் எத்தனை தடவை நூற்க முடியுதோ அதுதான் நம்பர். 40 தடவை நூற்றால் 40-ஆம் நம்பர். நம்பர் கூடக்கூட நூல் மெலியும். 20-ஆம் நம்பர் நூலில் நெஞ்ச துணி கனம், உழைக்கும், ஆனா சாரலில் காய ரெண்டு நாள் கேட்கும். 60-ஆம் நம்பரில் நெருக்கமில்லாமல் நெஞ்ச துணியை ராத்திரி திண்ணைக்குள் தொங்கவிட்டா விடியறதுக்குள் பெரும்பாலும் காஞ்சிடுது. நான் ரெண்டுக்கும் நடுவில் 40-ஐப் பிடிச்சுக்கிட்டேன். நெசவும் முக்கியம். ஒண்ணு மேல ஒண்ணு கீழன்னு போற சாதா நெசவு போதும். ஜீன்ஸ் மாதிரி சாய்வரி ஓடுற துணி கனமா இருக்கும், ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும். எங்க பக்கத்துக்கு அது ஆகாது. ஊட்டிக்காரங்க போடட்டும்.

உடுப்பைக் குறைச்சுக்கிட்டவங்க பேரை எடுத்தா எல்லாரும் மதுரையில்தான் ஆரம்பிப்பாங்க. 1921 செப்டம்பர் 22, மேலமாசி வீதியில் தங்கியிருந்த காந்தி தொப்பியும் சட்டையும் விட்டு அரை வேட்டிக்கு மாறினார். கதர் வாங்க எங்களுக்கு வக்கில்லைன்னு சொன்ன சனங்களுக்கு முன்னால் அவருக்கு வேற வழி தெரியலை. ஆனா கூட இருந்தவங்களையும் அப்படியே கட்டச் சொல்லலை அவர். நமக்கு நெருக்கமான ஆள்னா நான் ஜே.சி. குமரப்பாவைச் சொல்லுவேன். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்து, லண்டனில் கணக்கியல் படிச்சு, பம்பாயில் தணிக்கையாளரா இருந்தவர். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிச்சுட்டு, 1929-இல் சபர்மதிக்கு காந்தியைப் பார்க்கப் போனப்போ மேல்நாட்டு உடுப்பில்தான் போனார். அப்புறம் வாழ்நாள் பூரா கதர்தான். கணக்குப் பிள்ளைக்குக் கணக்கு சரியா வந்திருக்கணும், இல்லைன்னா மாறியிருக்க மாட்டார். கடைசிக் காலத்தில் நம்ம தே. கல்லுப்பட்டியில் இருந்தார். நம்மாழ்வார் ஐயாவையும் வேட்டி, பச்சைத் துண்டு இல்லாமல் நினைச்சுப் பார்க்க முடியலையே. நான் அவ்வளவு தூரம் போகலை. எனக்குச் சட்டை வேணும். வங்கிக்குப் போகணும், வேளாண்மை அலுவலகத்துக்குப் போகணும், சம்பந்தி வீட்டுக்குப் போகணும்.

அப்படி ஆறில் நிறுத்தினேன். ஏழு பருத்தியில் ரெண்டு வயித்தில் இறுக்கம், அதை மச்சினன் மகன் எடுத்துக்கிட்டான். ஒண்ணு காலர் மடிப்பில் நைஞ்சு போச்சு. தூக்கிப் போட இருந்தேன். அண்ணாச்சி காலரைப் பிரிச்சு, உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி திருப்பி வச்சுத் தைச்சார். 60 ரூபாய். இன்னும் ரெண்டு வருஷம் ஓடும். நம்ம அப்பாமார் காலத்தில் எல்லா டெய்லரும் செஞ்ச வேலைதான் இது, நாம கேட்கிறதை விட்டுட்டோம், அவங்க செய்யுறதை விட்டுட்டாங்க. ஆக அஞ்சு ஆச்சு. ஆறாவதா ஒண்ணு மட்டும் புதுசாத் தைச்சேன், விசேஷத்துக்கு.

அந்த ஆறும் மூணு வேலை பார்க்குது. மூணு, தோட்டத்துக்கு. முழுக்கை, தளர்ச்சியா. கரும்புத் தோகை கையைக் கிழிக்காது, வெயிலும் கொசுவும் அண்டாது. நிறம் காப்பிக்கொட்டை நிறம் ஒண்ணு, காவி ஒண்ணு, கருநீலம் ஒண்ணு. வாழை வச்சிருக்கவங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாழைக்கறை எந்தச் சோப்புக்கும் போகாது, காயக் காயப் பழுப்பாகும். போகாத கறையோட எதுக்குச் சண்டை? கறை நிறத்திலேயே சட்டையைப் போட்டுக்கிட்டா முடிஞ்சது. வெளுப்பான் வாங்குற காசும் மிச்சம், அந்தத் தண்ணி போய் விழுற வாய்க்காலும் தப்பிக்கும்.

வெளியே போக ரெண்டு, சந்தன நிறமும் இளநீலமும். எந்த வேட்டிக் கரைக்கும், என்கிட்ட இருக்கிற ஒரே பேன்ட்டுக்கும் சேரும். விசேஷத்துக்கு ஒண்ணு, வெள்ளை. பளிச்சுனு நீலம் அடிச்ச வெள்ளை இல்லை, பஞ்சு நிறத்து வெள்ளை. "ஒரே சட்டையிலேயே எல்லாக் கல்யாண போட்டோவிலும் நிக்கீங்களே"ன்னு மகள் சொல்லுதா. நிக்கட்டும். மாப்பிள்ளையையும் பொண்ணையும் பார்க்க வந்தவங்க என் சட்டையையா பார்க்கப் போறாங்க?

தையல் விஷயத்தில் நான் கத்துக்கிட்டதைச் சொல்லிடுறேன், தைக்கக் கொடுக்கிறவங்களுக்கு உதவும். நமக்கு ரொம்பப் பொருந்தின ஒரு சட்டையை அளவுச்சட்டைன்னு ஒதுக்கி, எப்பவும் அதையே கொடுக்கணும். எல்லாச் சட்டையும் ஒரே வெட்டு. பட்டனும் ஒரே அளவு, ஒரே நிறம், ஒண்ணு தெறிச்சா பழைய சட்டையிலிருந்து எடுத்து வச்சுக்கலாம். 36 அங்குல அகலத் துணின்னா எனக்கு முழுக்கைக்கு ரெண்டேகால் மீட்டர், அரைக்கைக்கு ரெண்டு மீட்டர் போதும். துணியை வாங்கினதும் ஒரு ராத்திரி தண்ணியில் ஊறப்போட்டு, நிழலில் காயவச்சுத்தான் டெய்லரிடம் கொடுக்கணும். பருத்தி முதல் தண்ணியில் சுருங்கும், தைச்ச பிறகு சுருங்கினா யாரை நோக? பக்கத் தையலில் உள்ளே ஒரு அங்குலம் துணி விடச் சொல்லுங்க. உடம்பு வருஷா வருஷம் ஒரே மாதிரி இருக்கிறதில்லை. காலருக்குள் பசை போட்டு ஒட்டுற கேன்வாஸ் வேண்டாம்னு சொல்லணும், பத்துத் துவையலில் கொப்புளம் கொப்புளமா எழும்பிடும். தைச்சு வைக்கிற கேன்வாஸ் கேளுங்க, கொஞ்சம் கூட வாங்குவாங்க, கொடுக்கலாம். சட்டையின் கீழ்ப்பக்கம் வேட்டிக்கு நேர்வெட்டு போதும். உள்ளே சொருகுறவங்களுக்குத்தான் வளைவு.

என் வெள்ளைச் சட்டைக்குக் கைத்தறித் துணி மீட்டர் 260 ரூபாய்னு ரெண்டேகால் மீட்டர் 585, தையல் 350. மொத்தம் 935. நகரத்துக் கடையில் கலப்புத் துணிச் சட்டைக்கு 1,200 போட்டிருக்காங்க. கைத்தறின்னு கேட்டு வாங்கும்போது கைத்தறி முத்திரை இருக்கான்னு பாருங்க. கோ-ஆப்டெக்ஸிலும் கிடைக்கும், சர்வோதய சங்கக் கதர்க்கடையிலும் கிடைக்கும், காந்தி ஜெயந்தியை ஒட்டித் தள்ளுபடி வரும், அப்ப வாங்குறது புத்திசாலித்தனம். ஆனா கதர்க்கடையிலும் இழையைக் கொளுத்திப் பார்க்கத் தயங்காதீங்க. அங்கேயும் பாலியஸ்டர் கலந்த கதர்னு ஒரு சரக்கு உண்டு.

பருத்தின்னு சொல்லிட்டாலே நம்ம மனசு நிம்மதியாகிடாது, அது தெரியும். அந்தப் பருத்தி எப்படி விளைஞ்சது? இந்தியாவில் 2002-இல் பி.டி. பருத்திக்கு அனுமதி கொடுத்தாங்க, இன்னைக்குக் கடையில் வர்ற நூலில் பெரும்பங்கு அந்த விதையில் வந்ததுதான். நம்ம மாவட்டத்திலேயே குருவிகுளம், திருவேங்கடம் பக்கம் கரிசல் காட்டில் முன்னால் விளைஞ்சது கருங்கண்ணி. நாட்டுப் பருத்தி. ஐப்பசி மழைக்கு விதைச்சா மானாவாரியிலேயே வரும், சாறு உறிஞ்சுற பூச்சிக்கு லேசில் மசியாது. கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கின ஆராய்ச்சி நிலையம் இந்தக் கருங்கண்ணியில்தான் கே வரிசை ரகங்களைப் பொறுக்கி எடுத்தது. அப்படிப்பட்ட பருத்தி ஏன் போச்சுன்னா, இழை குட்டை. மில்லுக்கு நீள இழை வேணும், வேகமா ஓடுற கதிருக்கு அதுதான் தாங்கும். கைராட்டைக்குக் குட்டை இழை ஒரு குறையே இல்லை. கருங்கண்ணியில் வர்ற துணி கொஞ்சம் கனமா, முரடாத்தான் இருக்கும். நாலு துவையலில் பழைய வேட்டி மாதிரி மெத்துனு ஆகிடும். சென்னையில் 'துலா'ங்கிற கூட்டமைப்பு மானாவாரி நாட்டுப் பருத்தியை இயற்கை முறையில் விளையவச்சு, கையால் நூற்று நெஞ்சு சட்டை வரைக்கும் கொண்டு வருது. விலை கூடத்தான். 23 சட்டை வாங்குறவனுக்கு அது கூட. ஆறு சட்டையில் ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு மாத்துறவனுக்கு அப்படி ஒண்ணும் கூட இல்லை. இந்த ஆறில் முதலில் கிழியப் போறது காவி, அதுக்குப் பதில் கருங்கண்ணியில்தான் எடுக்கணும்னு இருக்கேன். சங்கரன்கோவில் பக்கம் கரிசல் வச்சிருக்க நம்ம நண்பர்கள் யாராவது ஒரு ஏக்கர் போட்டுப் பார்த்தா, பஞ்சை நானே வாங்கிக்கிறேன்.

முறை செய்யுறவங்களை என்ன செய்ய? இதுதான் பெரிய சிக்கல். வேண்டாம்னு சொன்னா மனசு நோகும். இந்தத் தீபாவளிக்கு முன்னாலேயே மருமகப்பிள்ளையைக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, சட்டை எடுக்காதீங்க, எடுக்கிறதா இருந்தா ஒரு ஈரிழைத் துண்டு எடுங்க"ன்னேன். சிரிச்சார். துண்டு வந்துச்சு, கூடவே ஒரு சட்டையும் வந்துச்சு. பருத்திதான். கொளுத்திப் பார்த்துட்டேன், அவருக்குத் தெரியாம.

ஒதுக்கின பதினாறு கலப்பும் பாலியஸ்டரும் என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. நல்லா இருந்த எட்டைக் கேட்டவங்க வாங்கிட்டுப் போனாங்க. நான் போட மாட்டேன்னு சொல்லுறதை இன்னொருத்தருக்குக் கொடுக்கிறது எனக்கு உறுத்தத்தான் செஞ்சது, எந்தத் துணின்னு சொல்லித்தான் கொடுத்தேன். மீதி எட்டு யாருக்கும் ஆகாத கிழிசல். ஆத்தில் விட மாட்டேன். பாபநாசத்தில் பரிகாரம் செய்யுறவங்க தாமிரபரணியில் விட்டுட்டுப் போற துணி டன் கணக்கில் அள்ளி எடுக்கிறாங்க, மக்காத துணி மீன் குஞ்சுக்கும் எமன், படித்துறைக்கும் எமன். குப்பைக்குழியிலும் போட முடியாது, மூடாக்காகவும் ஆகாது. கிழிஞ்ச பருத்தி வேட்டி, சட்டைன்னா அமுதக்கரைசல் வடிகட்டலாம், அதுவும் நைஞ்சதும் தென்னை மூட்டில் போட்டா மண்ணாகிடும். இதை வச்சு என்ன செய்ய?

மக்காச்சோளக் காட்டில் மயிலும் பன்னியும் வருது. குச்சி நட்டு, எட்டுச் சட்டையையும் எட்டு மூலையில் மாட்டி, தலைக்குப் பழைய பானை கவிழ்த்து வச்சேன். வெயிலுக்கும் சாரலுக்கும் அசையலை. சாயம்கூடப் போகலை. பன்னி ஒரு வாரம் யோசிச்சது, அப்புறம் வந்துடுச்சு. மயில் மட்டும் இன்னும் கிட்ட வரலை.